இருபதாவது நிமிஷத்தில் அணைகிற மெஷின்

வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்களுக்கு உபயோகப்படும்படி என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். முதலில் நான் சாதித்ததையெல்லாம் எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. சரி, சொதப்பியதை எழுதுவோம் என்று உட்கார்ந்தால் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் ஒரே ஒரு சொதப்பலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேரையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது.

முதலில் ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கம்பெனி திருமங்கலம் ரோட்டில் தகரக் கொட்டகையாக இருந்த நாளிலிருந்து இருந்தவன். போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கினேன். இப்போது திருநகர் வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வாடிவிடுமோ என்று பதறிப் பதறி ஊற்றியதில் இரண்டு செடி அழுகிப்போய்விட்டது. பட்டறையில் எனக்கு 'அலாரம்' என்று பெயர். அடுப்பில் டீ பொங்கிப் புகைந்ததற்கு மெயின் சுவிட்சை அணைத்து, பன்னிரண்டு பேரை வெளியே ஓடச் சொன்னவன் நான். மறுநாளே பெயர் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் இன்று சுவர் அகலத்துக்குத் தொடுதிரை செய்கிறீர்கள். நாங்கள் செய்தது ஓவர்ஹெட் புரொஜெக்டர். பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு இரும்புப் பெட்டி. மேலே கண்ணாடித் தட்டு. உள்ளே கண்ணைப் பறிக்கும் விளக்கு. பக்கத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் கொக்கு கழுத்தை நீட்டியது போல ஒரு லென்ஸ். கண்ணாடித் தட்டில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து எழுதினால், டீச்சர் தலைக்கு மேலே சுவரில் பெரிதாகத் தெரியும். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்ட வேண்டாம். சாக்பீஸ் தூசி இல்லை. ஒரே ஒரு தொல்லை, விளக்குச் சூடு. அதை வெளியேற்ற ஒரு விசிறி. அந்த விசிறி மாவு மில் மாதிரி இரையும்.

அந்தப் பெட்டியை எப்படி மேம்படுத்துவது என்பதுதான் என் வேலை. என்னுடைய முதல் மேம்பாடு இரட்டை விளக்கு. வகுப்பு நடுவே விளக்கு போய்விட்டால் ஒரு லீவரைத் தள்ளினால் போதும், இரண்டாவது விளக்கு வந்து நிற்கும். ஆறே மாதத்தில் புகார் மேல் புகார்: 'இரண்டு விளக்கும் போச்சு.' என்ன நடந்தது? முதல் விளக்கு போனதும் லீவரைத் தள்ளிவிட்டு எல்லாரும் நிம்மதியாக மறந்துவிட்டார்கள். போனதை யாரும் மாற்றவில்லை. இரண்டாவதும் போன பிறகுதான் எங்கள் ஞாபகம் வந்தது.

எங்கள் முதலாளியை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். நகருக்குள் அவர் குடும்பத்துக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அவர் அந்தப் புகார்களையெல்லாம் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மாப்ள, வெளக்க நல்லாப் பாத்துருக்க. வெளக்க மாத்துற ஆளத்தான் பாக்கல."

தலையை ஆட்டினேன். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். புரிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

பிறகு ஒரு நாள் ஒரு தபால் கார்டு வந்தது. எனக்கு மனப்பாடம்: 'ஐயா, உங்கள் மெஷின் நன்றாக எரிகிறது. அதன் விசிறியோடு போட்டி போட்டுக் கத்தி என் தொண்டை போய்விட்டது. இருவரில் ஒருவர் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இப்படிக்கு, கணக்கு ஆசிரியை.' கீழே பேரையூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட விலாசம்.

பாய் கார்டை என் மேஜையில் வைத்து ஒரு போல்ட்டை அதன் மேல் பாரமாக வைத்தார். "இதான் உனக்கு அடுத்த வேல."

நேரில் போய்ப் பார்த்தேன். என் அக்கா வயது இருக்கும் டீச்சருக்கு. உப்புத்தாளை மரத்தில் தேய்ப்பது போலக் குரல். குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறதாம். இனிக் கத்தினால் குரலே போய்விடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"பதினாலு வருசமாக் கணக்கு எடுக்குறேன். இப்ப ஆபீஸ் ரூம்ல ஒக்காந்து ரெஜிஸ்டர் எழுதுங்கன்றாங்க. எழுதுறது ஒண்ணும் கேவலமில்ல. ஆனா எனக்கு இந்தப் பிள்ளைக வேணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "என்ன, நீங்க அழுதுருவீங்க போலருக்கு? தொண்ட எனக்குத்தான் போச்சு" என்றார்.

பள்ளிக் கமிட்டி ஒரு வெள்ளிக்கிழமை வந்து அவர் வகுப்பை முழுசாக உட்கார்ந்து கேட்கப்போகிறது. கடைசி பெஞ்சு வரை குரல் கேட்டால் வகுப்பு. கேட்காவிட்டால் ஆபீஸ் ரூம். டீச்சர் கத்தாமல் அது நடக்க வேண்டும். அதற்கு மெஷின் கத்தாமல் இருக்க வேண்டும்.

செய்தேன். சின்ன விசிறி வேகமாகச் சுற்றினால் இரையும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் முனகும். பெரிய விசிறி போட்டேன். காற்று உள்ளே போகிற ஜன்னலைப் பக்கவாட்டிலிருந்து பெட்டியின் அடிப்பக்கத்துக்கு மாற்றினேன், மிச்சச் சத்தம் மேஜையைப் பார்த்துப் போகட்டும் என்று. சூடு அளவு மீறினால் விளக்கை அணைத்துவிடும் கட்-ஆஃப் ஒன்றும் உள்ளே இருந்தது. பட்டறை மேஜையில் மூன்று மணி நேரம் ஓடவிட்டோம். பக்கத்தில் நின்றாலே ஓடுவது தெரியவில்லை. பாய் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மௌத்தாயிருச்சாடா? உசுரு இருக்கா இல்லையா?" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மெஷின் பேரையூர் போனது. மூன்றாம் நாள் போன் வந்தது. இருபதாவது நிமிஷத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது.

போனேன். அந்தப் பள்ளியின் அட்டெண்டர், பெரிய மீசைக்காரர், வாசலிலேயே வரவேற்று வகுப்புக்குக் கூட்டிப்போனார். மெஷினை ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் அணையவில்லை. ஆனாலும் சந்தேகத்துக்கு விசிறியை மாற்றிவிட்டு வந்தேன். மறுநாள் போன்: இருபதாவது நிமிஷம், அணைந்துவிட்டது. மறுபடி போனேன். மறுபடி ஒரு மணி நேரம் ஒழுங்காக எரிந்தது. கட்-ஆஃபை மாற்றினேன். மறுநாள் போன்.

"அண்ணே, நீங்க இருந்தா எரியுது, போனா அணையுது" என்றார் அட்டெண்டர் போனில். "பேசாம இங்கயே தங்கிருங்களேன்."

மூன்றாம் முறை போனது வியாழக்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கமிட்டி. கிளம்பும்போது பாய் சொன்னார்: "நாளைக்கு அந்தம்மா வகுப்பு நடக்கணும் மாப்ள. எப்படியாச்சும் பாத்துச் செஞ்சுட்டு வா."

இதில் 'பாத்து' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. பதற்றத்தில் இருக்கிறவன் காதில் அது விழாது. எனக்கு 'எப்படியாச்சும்' மட்டும்தான் விழுந்தது.

அன்றும் மெஷின் என் எதிரே சமர்த்தாக எரிந்தது. மதியம் மூன்று மணி. ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு வெயிலில் அலையலையாக நடுங்கியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, வெயில் மேல் பழியைப் போட்டேன். இந்த ஊர்ச் சூட்டுக்குக் கட்-ஆஃப் தேவையில்லாமல் பயப்படுகிறது, என்னை மாதிரியே அதுவும் ஒரு அலாரம், என்று முடிவு கட்டினேன். பெட்டியைத் திறந்தேன். ஒரு சாண் செம்புக் கம்பியை எடுத்துக் கட்-ஆஃபின் இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினேன். இனி எம்புட்டுச் சூடானாலும் விளக்கு அணையாது. மூடி போட்டுத் திருகினேன். அவசரத்தில் ஒரு திருகு கீழே விழுந்து, அட்டெண்டர் எடுத்துக் கொடுத்தார்.

டீச்சர் வந்து கேட்டார். "சரியாயிருச்சா?"

"இனிமே அணையாது டீச்சர்."

கவனியுங்கள். நான் சொன்னதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை வெறுப்பதற்கு அதுதான் காரணம்.

நாலு மணி பஸ்ஸில் ஏறினேன். இன்ஜின் மூடிக்குப் பக்கத்து சீட். கால் வெந்தது. டிரைவருக்கு முன்னால் டயல்களுக்கு நடுவில் ஒரு இடத்தில் மட்டும் மெடிக்கல் ஷாப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஓரத்தில் சிவப்பாகக் கசிந்தது.

"அண்ணே, அதென்ன உள்ள செவப்பா?"

"இன்ஜின் சூட்டு லைட்டு. சும்மா சும்மா எரிஞ்சு கண்ணக் கூசுது. அதான் ஒட்டிப்புட்டேன்."

"என்னண்ணே இது! இம்புட்டுப் பேரு ஒக்காந்துருக்கோம், லைட்ட மூடிட்டு ஓட்டுறீங்க? கொஞ்சமாச்சும் பொறுப்பு வேணாம்?" என்று எழுந்து நின்று கத்தினேன். முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். கூட்டத்துக்குத் தைரியம் சொல்கிற பாவனையில் நான் கையை உயர்த்தினேன். உயர்த்திய கையில் செம்புக் கம்பி முறுக்கிய பச்சைக் கறை.

அப்புறம் நான் கத்தவில்லை. டி.கல்லுப்பட்டியில் இறங்கிவிட்டேன். டிரைவர், "எறங்கிட்டீகளா, நல்லது" என்றார். எனக்குப் பயந்துதான் நான் இறங்கினேன் என்பது அவருக்குத் தெரியாது.

திரும்பிப் போகும் பஸ் இல்லை. பால் கேன் ஏற்றிய ஒரு டெம்போவில் தொற்றிக்கொண்டு பேரையூர் வந்து, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். என் உடம்புக்கு ஓட்டம் ஒத்துவராது. ஐந்தே கால் மணி. பிள்ளைகள் போய்விட்டார்கள். வகுப்பில் வெளிச்சம். டீச்சர் நாளைய பாடத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் அட்டெண்டர் கையைக் கட்டிக்கொண்டு மாணவனாக உட்கார்ந்திருந்தார்.

"கடைசி பெஞ்சு, கேக்குதா?"

"கேக்குது டீச்சர். ஆனா கணக்குத்தான் புரியல."

வாசலிலேயே வாசனை என்னை நிறுத்தியது. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் மறந்து வைத்த வாசனை. சுவரில் பெரிய செங்கோண முக்கோணம். அதன் ஒரு மூலை மெல்ல மெல்லச் சுருண்டுகொண்டிருந்தது.

"என்ன இது, என் செங்கோணம் வளையுது?" என்றார் டீச்சர்.

கண்ணாடித் தட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் தாள் சூட்டில் சுருள்கிறது. பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. ஒயர் தடுக்கி நான் குப்புற விழுந்தேன். விழுந்த வேகத்தில் பிளக் தானாகப் பிடுங்கிக்கொண்டது. வகுப்பு இருட்டியது.

எழுந்து, பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினேன். கை சுட்டது. அடியில் அரக்கு நிற வெல்வெட் துணி விரித்திருந்தது. தங்க நிறக் குஞ்சம், நடுவில் நூலால் பின்னிய மயில், மேலே வளைவாக 'நல்வரவு'. மயிலின் மார்பில் என் காற்று ஜன்னலின் கம்பிகள் வரிவரியாகப் பழுப்பாகப் பதிந்திருந்தன.

 டீச்சர் பக்கத்தில் வந்தார். "என்ன ஆச்சு?"

"இந்தத் துணி... இது எப்ப இருந்து இருக்கு?"

"மெசின் வந்த அன்னையிலருந்து இருக்குண்ணே" என்றார் அட்டெண்டர்.

"நான் மூணு தடவ வந்தேன், ஒரு தடவகூட இல்லையே?"

"நீங்க வாரீங்கன்னு போன் வந்ததும் மடிச்சுப் பீரோல வச்சுருவேன். உங்க கையில கிரீசு இருக்கும்ல?"

மெஷினின் காற்று ஜன்னல் அடியில். அதற்குக் கீழே மெத்தென்று வெல்வெட். மூச்சை அடைத்து வைத்துவிட்டு ஓடு என்றால் எது ஓடும்? கட்-ஆஃப் இருபதாவது நிமிஷத்தில் ஒவ்வொரு நாளும் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அந்த வகுப்பறையில் நிதானத்தோடு இருந்த ஒரே பொருளின் வாயைத்தான் நான் கம்பி போட்டுக் கட்டியிருந்தேன்.

"துணி விரிக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம் டீச்சர்."

"எங்க?"

"அடியில."

"எந்தப் பாசையில?"

"இங்கிலீஸ்ல."

அட்டெண்டர் குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மயிலு மட்டும் படிக்கிற மாதிரி ஒட்டியிருக்கீகண்ணே" என்றார்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. கட்-ஆஃபுக்குக் கம்பி கட்டியதைச் சொன்னேன். சுற்றி வளைக்கப் பார்த்தேன். நாலாவது வாக்கியத்தில் டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "சூடானா அணைஞ்சுபோற மெசின, அணையாதபடி செஞ்சுட்டுப் போயிட்டீங்க. அதானே?"

"ஆமா டீச்சர்."

காலி பெஞ்சுகளை ஒரு முறை பார்த்தார். "நாப்பத்திரெண்டு பிள்ளைக ஒக்காருவாங்க இங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "சரி. காலைல பத்து மணி. இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லுங்க."

முதல் வேலையாக அந்தச் செம்புக் கம்பியை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். கட்-ஆஃப் பழையபடி உயிர் பெற்றது. "அடுத்தது சுலபம். துணிய எடுத்துருவோம்" என்றேன்.

அட்டெண்டர் முகம் மாறிவிட்டது. "என்னண்ணே, இம்புட்டுப் பெரிய கண்ணாடி மெசின வெறும் டேபிள்ல வைக்கிறதா? ஒன்பதாம் வகுப்புப் பொம்பளப் பிள்ளைக ஒரு மாசமாப் பின்னுன துணி இது. ஓரத்துல அம்புட்டுப் பேர் பேரும் இருக்கு, பாருங்க. நாளைக்குக் கமிட்டி வந்தா மொதல்ல மயிலத்தான் பாப்பாக."

"அண்ணே, அது தீப்பிடிக்கும்ணே."

"அப்ப மெசின மாத்துங்க."

நான் டீச்சரைப் பார்த்தேன், நியாயம் கேட்க. அவர் யோசித்தார். "நாளைக்கு எடுத்துருவோம். நாளன்னைக்கு? நீங்க திருநகர்ல இருப்பீங்க. இவரு துணியோட இங்க இருப்பாரு."

அங்கேதான் எனக்கு உறைத்தது. பாய் விளக்கு விஷயத்தில் சொன்னபோது ஆட்டிய தலையை இப்போது உண்மையாகவே ஆட்டினேன். இந்த ஜனங்கள் ஒரு பொருளை மதித்தால் அதற்குத் துணி விரிப்பார்கள். டி.வி.க்கு விரிப்பார்கள், ரேடியோவுக்கு விரிப்பார்கள். என் வீட்டில் ஃபிரிட்ஜ் தலையில்கூட ஒன்று கிடக்கிறது. நானே துவைத்துப் போட்டிருக்கிறேன். இது தெரியாத வெளியூர்க்காரன் அடியில் ஜன்னல் வைத்தால் மன்னிக்கலாம். திருநகர்க்காரன் வைத்தால்?

துணி இருக்கட்டும். மெஷின் எழுந்து நிற்கட்டும். அதற்குக் கால் வேண்டும். சூட்டுக்கு இளகாத, கனம் தாங்குகிற, மேஜையில் வழுக்காத நாலு கால், ஒரே உயரத்தில், இப்போதே. பேரையூர்க் கடைத்தெருவில் நடையாக நடந்தேன். சைக்கிள் கடையில் இல்லை. இரும்புக் கடையில் இல்லை. கடைசியில் மெடிக்கல் ஷாப் கண்ணாடிக்குப் பின்னால் அது தெரிந்தது. ஊன்றுகோலின் நுனியில் மாட்டுகிற ரப்பர் குமிழ். கனமான, கறுத்த, இரண்டு விரற்கடை உயரம்.

"நாலு குடுங்கண்ணே."

"ரெண்டு பேருக்கா?"

"ஒரே ஆளுக்கு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரொம்ப முடியலையோ?"

"உள்ள மூச்சு விட முடியல" என்றேன். அவர் வருத்தப்பட்டு ஒரு தைல டப்பாவையும் எடுத்து வைத்தார்.

நாலு மூலையிலும் துளை போட்டு, குமிழை உள்ளிருந்து போல்ட் வைத்து முறுக்கி முடித்தபோது ஏழரை மணி. மயில் மேல் மெஷின் ஒட்டகம் மாதிரி நின்றது. அடியில் கையை விட்டால் தாராளமாகப் போய் வந்தது. இருபது நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சுவிட்சைப் போட்டேன்.

கரண்டு போய்விட்டது.

"காலைல ஒன்பதே முக்காலுக்குத்தான் வரும்" என்றார் அட்டெண்டர், பஸ் நேரம் சொல்கிற மாதிரி.

தம்பிகளே, தங்கைகளே, என் பதற்றத்தைப் பற்றி இதுவரை வேடிக்கையாகச் சொன்னேன். அந்த நிமிஷம் வேடிக்கை இல்லை. சோதித்துப் பார்க்காத மெஷின். நாளைக்கு அணைந்தால் டீச்சர் கத்த வேண்டும், அல்லது ஆபீஸ் ரூம். அந்தக் கம்பி என் பையில்தான் இருந்தது. கட்டிவிட்டால் நிச்சயமாக அணையாது, இப்போது கால் வேறு இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று உள்ளே ஒரு குரல் மிக நியாயமாகப் பேசியது. அந்தக் குரலை நீங்களும் ஒரு நாள் கேட்பீர்கள். அது ரொம்பப் படித்தவன் மாதிரிப் பேசும்.

கம்பியை எடுத்து மேஜையில் வைத்தேன், என் கைக்கு எட்டாத பக்கம். டீச்சரிடம் உள்ளதைச் சொன்னேன். "கால் போதும்னுதான் நினைக்கிறேன். ஆனா பாத்து நிச்சயம் பண்ணல. இருபதாவது நிமிஷம் அணைஞ்சாலும் அணையலாம். தீ மட்டும் பிடிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

டீச்சர் அந்தக் கம்பியை இன்னும் தள்ளி வைத்தார். "அணைஞ்சா போர்டுல எழுதி நடத்துறேன். கேக்கிற வரைக்கும் கேக்கட்டும். அதுக்காக அந்தக் கம்பி வேணாம்." பிறகு, "நீங்க காலைல வருவீங்கள்ல?" என்றார்.

"வாரேன் டீச்சர்."

வெள்ளிக்கிழமை. கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். அட்டெண்டர் சொன்னபடியே மூவரும் முதலில் மயிலைத்தான் பார்த்தார்கள். மெஷினுக்கு முன்னால் மயில் தெரியும்படி துணியை இழுத்து விரித்து, பழுப்புக் கம்பி வரிகளின் மேல் டீச்சர் ஒரு சாக்பீஸ் டப்பாவை வைத்திருந்தார். விளக்கு எரிந்தது. நான் வெளியே ஜன்னலோரம் சுவரோடு சுவராக நின்றேன். உள்ளே எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. காதை மட்டும் வைத்தேன்.

அங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் என்னைப் பிடித்தது. மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று எனக்குக் கேட்கவில்லை! அதன் சத்தத்தைக் குறைக்கத்தானே மாதக்கணக்கில் உழைத்தேன்? அந்தக் காலை நேரத்தில் பழைய மாவு மில் சத்தத்துக்காக என் சொத்தை எழுதிக் கொடுத்திருப்பேன். டீச்சர் குரல் மட்டும் வந்தது, தாழ்ந்து, நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் பேசுவது போல. பதினாறு. பதினெட்டு. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அது நின்றுவிட்டதோ என்று அதையும் காதில் வைத்துக் கேட்டேன்.

இருபதாவது நிமிஷத்தில் டீச்சர் குரல் நின்றது.

சத்தமே இல்லை. அணைந்துவிட்டது. பிள்ளைகள் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இனிப் போர்டு. இனிக் கத்தப்போகிறார். என்னால்தான்.

உள்ளேயிருந்து ஈரத் துணியால் பிளாஸ்டிக் தாளைத் துடைக்கிற 'கிறீச்' சத்தம் வந்தது. பழைய கணக்கை அழித்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு அதே தாழ்ந்த குரல்.

"கடைசி பெஞ்சு, கேக்குதா?"

"கேக்குது டீச்சர்!" என்று வகுப்பே சொன்னது. அதில் மூன்று ஆம்பளைக் குரலும் சேர்ந்திருந்தது.

நாற்பது நிமிஷமும் எரிந்தது. மணி அடித்ததும் கமிட்டியில் ஒருவர் வெளியே வந்து, செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "யாருப்பா நீ?"

"மெசின் கம்பெனி சார்."

"அது ஓடுதா இல்லையாப்பா? சத்தத்தையே காணோம்."

"ஓடுது சார்" என்றேன். 

டீச்சரை ஆபீஸ் ரூமுக்கு அனுப்பவில்லை, வகுப்பிலேயே இருந்தார். பட்டறைக்கு வந்து பாயிடம் எல்லாவற்றையும் சொல்லி, அந்தக் கம்பியை அவர் மேஜையில் வைத்தேன். வேலை போய்விடும் என்று நினைத்து டிபன் பாக்ஸைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். பாய் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ஊர்ல எறங்குன?"

"கல்லுப்பட்டி பாய்."

"கொஞ்சம் முந்தியே எறங்கிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் நகருக்குள் போய் ஆறு முழம் அரக்கு நிறக் கெட்டி வெல்வெட் வாங்கி வந்து சோதனை மேஜையில் விரித்தார். அன்றிலிருந்து எங்கள் ஒவ்வொரு புது மாடலும் அந்தத் துணி மேல்தான் மூன்று மணி நேரம் ஓடியது. எல்லா மெஷினுக்கும் கால் முளைத்தது. ஸ்டிக்கர் தமிழில், மேல்பக்கம் வந்தது. உங்கள் சோதனை அறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழைய அரக்குத் துணி கிடக்கும். யாராவது அதைத் தரை துடைக்க எடுத்திருந்தால், தயவுசெய்து துவைத்து அங்கேயே வைத்துவிடுங்கள். உங்கள் தொடுதிரைக்கும் யாரோ எங்கோ இப்போதே ஒரு உறை தைத்துக்கொண்டிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். போன் செய்யாமல் போங்கள். போன் செய்தால் மடித்துப் பீரோவில் வைத்துவிடுவார்கள்.

பதறாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நன்றாகப் பதறுங்கள். பதறிக்கொண்டே கல்லுப்பட்டியில் இறங்கிவிடுங்கள், அது போதும்.

அடுத்த மாதம் அதே கையெழுத்தில் இன்னொரு தபால் கார்டு வந்தது. அதையும் வைத்திருக்கிறேன்.

'ஐயா, மெஷின் நலம். தொண்டையும் தேவலை. ஆனால் ஒரு புகார். முன்பு விசிறிச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்காது. இப்போது பின்னால் இருப்பவர்கள் என்னைப் பற்றிப் பேசுவது எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. இதற்கு உங்கள் அடுத்த மாடலில் ஏதாவது செய்ய முடியுமா? இப்படிக்கு, கணக்கு ஆசிரியை.'